புத்தூரில் ஒரு வளைகூரைக் குடில்: காற்று தூக்கிச் சென்றதும் மறுபடி கட்டியதும்

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் அக்கா வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டக் காணியில் நானும் அத்தானும் இரண்டு தடவை பொலித்தீன் குடில் கட்டினோம். முதலாவது 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயலோடு போய்விட்டது. இரண்டாவதை 2023 சித்திரையில் கட்டி முடித்தோம். அது இன்றும் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் நாங்கள் மாற்றியவற்றையும் மாற்றிய காரணங்களையும் ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன். இப்போது ஊரில் பலர் சொந்தக் கையாலேயே குடில் போடுகிறார்கள். அநேகமாக எல்லோரும் கூரையிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

முதலில் காணியைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல செம்மண். ஆனால் ஒன்றரை, இரண்டு அடி தோண்டினால் சில இடங்களில் அலவாங்கு சுண்ணாம்புக்கல்லில் முட்டும். சுண்ணாம்புக்கல்லில் ஆழமாக விழுந்த நிலாவரைக் கிணற்றுக்குப் பக்கத்து ஊர் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தவர்களுக்கு நிலம் எப்படிப்பட்டது என்று விளங்கும். கிழக்கே வாதரவத்தைப் பக்கம் வயல்வெளி. கடல்பக்கமிருந்து வரும் காற்றை மறிக்க ஒரு மேடு கிடையாது. வருடம் முழுக்கப் பெய்யும் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடித்துப் புழுதியைக் கிளப்பும். ஆகவே ஒரே குடில் ஒரு பருவத்தில் வெள்ளத்தையும் புயலையும் தாங்கவேண்டும், மறு பருவத்தில் வெயிலையும் வறண்ட காற்றையும் தாங்கவேண்டும்.

குளிர்நாடுகளில் சூட்டைப் பிடித்துவைக்கத்தான் பசுமைக்குடில் கட்டுவார்கள். எங்களுக்கு அது முதலில் ஒரு மழைக்குடை. கார்த்திகை மழையில் திறந்த வெளியில் நிற்கும் தக்காளியின் பூ உதிரும், இலையில் மண் தெறித்து நோய் ஏறும், காய் வெடிக்கும். மார்கழியில் திருநெல்வேலிச் சந்தையில் தக்காளிக்கு ஆட்கள் தேடித் திரியும் நேரத்தில் கையில் காய் இருக்கவேண்டும் என்பதுதான் அத்தானின் ஆசை.

முதற் குடில்

2020 இல் ஊரடங்கு தளர்ந்த பிறகு, ஆடி மாதம் அதைக் கட்டினோம். 12 அடி அகலம், 30 அடி நீளம். பிவிசி குழாய்களை ஒட்டி வளைத்து, ஒன்றரை அடி ஆழத்துக்கு நிலத்தில் அடித்த இரும்புக் கம்பிகளின் மேல் செருகினோம். கட்டட வேலைக்கு விற்கும் சாதாரண பொலித்தீனால் மூடி, மரச் சட்டம் வைத்து ஆணி அடித்தோம். வீட்டிலிருந்து வரும் நடைபாதை கிழக்குப் பக்கம் என்பதால் கதவையும் கிழக்கிலேயே வைத்தோம். கதவுக்குக் கட்டுக்கம்பிதான் கொளுக்கி. பார்க்க அழகாக இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

புரெவி அன்றிரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார்ப் பக்கம் நகர்ந்தது. மாலையிலிருந்து வடகிழக்காக அடித்த காற்று இரவாக ஆகக் கிழக்குப் பக்கம் திரும்பியது. பதினொரு மணியளவில் பெரிய துணியை இழுத்துக் கிழிப்பது போன்ற சத்தம் கேட்டது. மழைக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தபோது குடில் நின்ற இடத்தில் தக்காளிச் செடிகள் மட்டும் படுத்துக் கிடந்தன.

மறுநாள் காலையில் ஒன்றையும் அகற்றவேண்டாம் என்று நான் சொன்னேன். நான் படவரைஞராக வேலை செய்பவன். விழுந்த கட்டடத்தை அள்ளிக் குவிக்குமுன் ஒருமுறை சுற்றிப் பார்க்கவேண்டும் என்று பழகியிருக்கிறேன். அந்த ஒரு மணித்தியாலம் இல்லாவிட்டால் பழைய குடிலையே இன்னும் கொஞ்சம் தடித்த குழாயில் மறுபடி கட்டியிருப்போம்.

"தம்பி, இஞ்ச வந்து பார். கம்பி ஒண்டும் வளையேல்லை" என்று அத்தான்தான் முதலில் கண்டார். உண்மைதான். நிலத்தில் அடித்த கம்பிகள் கொஞ்சமும் வளையாமல், நேராக, குழாய்களோடு சேர்ந்து பக்கத்து வாழைத் தோட்டத்தில் கிடந்தன. அவை நின்ற துளைகள் வட்டம் குலையாமல் இருந்தன. காற்று பக்கவாட்டில் தள்ளியிருந்தால் கம்பி சரிந்து துளை ஒரு பக்கம் அகன்றிருக்கும். இங்கே யாரோ மேலிருந்து ஆணியைப் பிடுங்கியது போல இருந்தது. கிழக்குக் கதவின் கட்டுக்கம்பி அறுந்திருந்தது. மேற்கு முனைப் பொலித்தீன் வெளிப்பக்கமாக வெடித்திருந்தது. கூரைப் பொலித்தீனோ குழாய் தொட்ட கோடுகளில் மட்டும் வெளிறி, கையால் பிடித்தாலே முறியும் நிலையில் இருந்தது.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது தெளிவு. முதலில் கதவு போயிருக்கிறது. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து மேலே அழுத்தியிருக்கிறது. அதே நேரம் வளைந்த முதுகின் மேலால் வேகமாக ஓடிய காற்று கூரையை மேலே உறிஞ்சியிருக்கிறது. ஒன்று தள்ள, மற்றது இழுக்க, கம்பிகள் நனைந்த மண்ணைவிட்டுக் கழன்றன.

கணக்கும் இதையே சொன்னது. காற்றின் வேகத்தை விநாடிக்கு மீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரில் விழும் அழுத்தம் நியூட்டனில் வரும். மணிக்கு 60 கிலோமீற்றர் காற்றுக்கு அது சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 17 கிலோ பாரம். 90 கிலோமீற்றரில் 38 கிலோவைத் தாண்டும். வேகம் இரட்டித்தால் பாரம் நான்கு மடங்கு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கதவு திறந்துவிட்டால் உள் அழுத்தமும் வெளி உறிஞ்சலும் சேர்ந்து அந்த முழுப் பாரமும் கூரையைத் தூக்கும் பாரமாகிவிடும். எங்கள் முதற் குடிலின் பரப்பு 33 சதுர மீற்றர். வெறும் 60 கிலோமீற்றர் காற்றிலேயே அதை மேலே இழுத்த விசை 600 கிலோவுக்குக் கிட்ட இருந்திருக்கும். அதைப் பிடித்துவைக்க எங்களிடம் இருந்தது ஈரச் செம்மண்ணில் ஒன்றரை அடிக் கம்பி.

அந்தக் காலத்தில் புகையிலைக் குடில்கள் கட்டிய ஒரு மேசன் ஐயா அந்த வாரம் வந்து பார்த்தார். "தம்பி, வேலிக் கதியால் எண்டாலும் வேர் விட்டாத்தான் நிக்கும். உந்தக் கம்பி என்னத்தைப் பிடிச்சு நிக்கிறது?" என்று கேட்டார். நான் இரண்டு நாள் எழுதிப் பார்த்த கணக்கை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

கால்களிலிருந்து தொடங்கியது

உடனே கட்டப் பணம் இல்லை. 2022 பங்குனியில் டொலர் 200 ரூபாயிலிருந்து ஏறத் தொடங்கி இரண்டு மாதத்தில் 360 ஐத் தொட்டபோது இரும்புக் கடைப் பக்கமே போகமுடியவில்லை. அந்தக் காத்திருப்பில் வரைபடத்தை ஐந்து தடவை திருத்தினேன். 2023 தை மாதம் குழாய் வாங்கினோம். மாசி தொடங்கிச் சித்திரைக்குள் கட்டினோம். வடகிழக்கு வாடைக் காற்று ஓய்ந்து கச்சான் தொடங்குமுன் கிடைக்கும் அந்த இரண்டு, இரண்டரை மாதம்தான் இந்த வேலைக்கு உகந்த காலம்.

புதிய குடில் 16 அடி 6 அங்குல அகலம், 40 அடி நீளம். எங்கள் ஊர்க் காணி அளவான ஒரு பரப்பில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. அகலத்தை நாங்கள் ஆசைக்குத் தீர்மானிக்கவில்லை. கடையில் கிடைக்கும் ஜி.ஐ. குழாய், அதாவது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புக் குழாய், 20 அடி. அதை ஒட்டாமல், வெட்டாமல் ஒரே வளைவாக வளைத்து நடுவில் 4 அடி 10 அங்குல உயரம் எழும்படி வைத்தால் அகலம் அவ்வளவுதான் வரும். வளைவின் நடுவில் ஒட்டு இருக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வளைவுகள் 6 அடி உயரக் கால்களின் மேல் நிற்கின்றன. ஐந்தடிக்கு ஒன்றாக ஒன்பது வளைவு, பதினெட்டுக் கால்.

மணிக்கு 90 கிலோமீற்றர் காற்றில், கதவும் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், இந்த 61 சதுர மீற்றரைத் தூக்கும் விசை 2.3 தொன்னுக்கு மேல். ஒரு காலுக்கு 130 கிலோவுக்கு மேல். நாங்கள் ஒவ்வொரு காலுக்கும் 16 அங்குலச் சதுரத்தில் 2 அடி ஆழக் குழி தோண்டினோம். அடியைக் கொஞ்சம் அகலமாகவும் மேலைக் கொஞ்சம் ஒடுக்கமாகவும் விட்டோம். அப்படி விட்டால் சுற்றியுள்ள மண்ணும் பாரமாக நின்று பிடிக்கும். கொங்கிறீற் மட்டும் ஒரு குழிக்கு 240 கிலோ வரும். குழாய் கொங்கிறீற்றிலிருந்து உருவிக்கொண்டு வராமலிருக்க அடியில் துளையிட்டு ஒரு முறுக்குக் கம்பித் துண்டைக் குறுக்கே செருகினோம். பன்னிரண்டு பை சீமெந்து முடிந்தது.

ஐந்து குழிகளில் ஒன்றரை அடியிலேயே கல் வந்துவிட்டது. அத்தானுக்கு மனம் சோர்ந்தது. எனக்கோ அது நல்ல செய்தி. கல்லில் பத்து அங்குல ஆழத்துக்குத் துளை போட்டு, தூசை ஊதி எடுத்துவிட்டு, சீமெந்துக் கூழ் ஊற்றி, இரண்டு 12 மில்லிமீற்றர் கம்பிகளை இறக்கி, அவற்றையும் கொங்கிறீற்றுக்குள் பிணைத்தோம். மற்றப் பதின்மூன்று கால்களையும் விட இந்த ஐந்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கொங்கிறீற்றை நிலமட்டத்தோடு நிறுத்தவில்லை. மூன்று அங்குலம் மேலே எழுப்பி, மழைநீர் வழிந்தோடும்படி சரித்துப் பூசினோம். குழாய் துருப்பிடிப்பது பெரும்பாலும் மண்ணோடு தொடும் அந்த ஓரத்தில்தான். உப்புக்காற்று வீசும் இந்த மண்ணில் அது இன்னும் விரைவு. அதே காரணத்துக்காக ஒட்டு (வெல்டிங்) வேலையையும் இயன்றளவு தவிர்த்து எல்லாவற்றையும் கிளாம்ப், போல்ட் வைத்துப் பூட்டினோம். ஒட்டிய இடத்தில் நாகப் பூச்சு எரிந்துவிடும். அங்கே நாகம் கலந்த பெயின்ற் அடித்தாலும் முதற் பூச்சுப் போல வராது.

குழாய் வளைக்க இயந்திரம் தேடவில்லை. முற்றத்தில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி வட்டம் கீறி, அதன்மேல் கட்டைகளை வரிசையாக நட்டு அச்சாக்கினோம். வரைபடப்படி ஆரம் 9 அடி 5 அங்குலத்துக்குச் சற்று மேல். ஆனால் குழாயை விட்டதும் அது தன் பாட்டில் கொஞ்சம் நிமிரும். முதற் குழாய் அப்படி நிமிர்ந்து அகலம் கூடிப்போனது. பிறகு ஆரத்தை ஏறக்குறைய ஓர் அடி குறைத்து அச்சை மாற்றினோம். குழாய்க்குள் உலர்ந்த மணலை நிரப்பி இரு வாயையும் அடைத்தால் மடிப்பு விழாது. ஒன்பது குழாயையும் ஒரே நாளில் வளைத்து முடித்தோம்.

வளைவுகளை ஐந்து குறுக்குக் குழாய்களால் பிணைத்தோம். இரு முனைகளிலும் மூலைக்கு மூலை சாய்வுக் குழாய் போட்டோம். இந்தச் சாய்வுக் குழாய்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் வரிசையாக அடுக்கிய சீட்டுகள் போல எல்லா வளைவும் ஒரே பக்கம் சாயும். வளைவின் இரு அடிகளையும் இணைக்க ஒரு கிடைக்குழாய் வைத்தோம். வளைவு அகலாமல் அது பிடிக்கும். தக்காளிக் கொடியை நூலில் தூக்கிக் கட்டவும் உதவும். காய்த்து நிற்கும் தக்காளி ஒரு சதுர மீற்றருக்கு 15 கிலோ வரை பாரம் தொங்கும் என்று கணக்கெடுக்கவேண்டும்.

பொலித்தீன் இந்த முறை 200 மைக்ரோன், வெயில் தாங்கும் யூவி வகை. கூரைக்கும் முனைகளின் மேல் வளைவுக்கும் மட்டும்தான் அது. பக்கங்களுக்கு 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலை, அதன்மேல் மழைக்கு இறக்கிவிடும் சுருள் திரை. ஆணி கிடையாது. அலுமினியத் தவாளிப்புக்குள் பொலித்தீனை வைத்து, நெளிநெளியான ஸ்பிரிங் கம்பியை அழுத்திப் பூட்டினோம். பிடி ஓரிடத்தில் குவியாமல் நீளமெங்கும் பரவும். குழாய்களின் மேற்புறம் வெள்ளைப் பெயின்ற் அடித்தோம். முதற் குடிலில் குழாய்க் கோடுகள் வெளிறி முறிந்ததற்கு வெயிலில் சூடான குழாயும், பிவிசியிலுள்ள குளோரினும்தான் காரணம். பொலித்தீனைக் காலை ஆறு மணிக்குக் காற்றில்லாத நேரத்தில் விரித்தோம். பத்து மணிக்கு வெயில் ஏறி அது கொஞ்சம் இளகிய பிறகுதான் இழுத்துப் பூட்டினோம். மாலையில் குளிர்ந்ததும் தவில் தோல் போல விறைத்து நின்றது. தளர்ந்த பொலித்தீன் காற்றில் படபடத்தே கிழியும். மழைநீரும் அதில் குளம்போலத் தேங்கும். இந்தக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 1,500 லீற்றருக்கு மேல் தண்ணீர். இரண்டு வளைவுகளுக்கு இடையில் மேலால் ஒரு பட்டிக் கயிறும் போட்டோம்.

கதவை மேற்கு முனைக்கு மாற்றினோம். புரெவி எங்களுக்குத் தெற்கால் போனதால் காற்று வடகிழக்கில் தொடங்கிக் கிழக்காகி, பிறகு தென்கிழக்காகத் திரும்பியது. எனவே மேற்கு பாதுகாப்பு என்று நினைத்தேன். கச்சானுக்கு மட்டும் மேற்கே பனையோலை வேலி ஒன்று போதும். வேலி காற்றை முற்றாக மறிக்கக்கூடாது. மதில் வைத்தால் காற்று அதன் மேலால் ஏறிச் சுழன்று குடிலின் முதுகில் விழும். பாதி புகுந்து பாதி நிற்கும் வேலி, தன் உயரத்தின் பத்து மடங்கு தூரம்வரை வேகத்தைக் குறைக்கும்.

கச்சான் மாதங்கள்

2023 ஆனியில் நண்பகல் குடிலுக்குள் தலை உயரத்தில் தொங்கிய வெப்பமானி 43 பாகை காட்டியது, வெளியே 34. வலை பூச்சியைத் தடுக்கிறது, கூடவே காற்றையும் தடுக்கிறது. இரு முனைகளிலும் கூரைக்குக் கீழே உள்ள வளைவுப் பகுதியில் பொலித்தீனை எடுத்துவிட்டு வலை வைத்தோம். சூடான காற்று மேலால் வெளியேறத் தொடங்கியது. மேலே 50 வீத நிழல் வலையும் போட்டபின் 38 க்கு இறங்கியது. முகட்டில் நீளத் திறப்பு வைத்தால் இன்னும் குறையும். ஆனால் காற்று பிடித்துக்கொள்ளும் இடமும் அதுதான் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. அத்தானுக்கு இதில் இன்றும் என்னோடு உடன்பாடில்லை.

38 பாகையிலும் தக்காளி பூக்கும், காய் பிடிக்காது. இரவும் சூடாக இருப்பதால் இன்னும் மோசம். எனவே வைகாசி முதல் ஆவணிவரை தக்காளி வைப்பதில்லை. கீரை போடுகிறோம். ஒரு மாதத்துக்கு மேல் ஈரமண்ணைத் தெளிந்த பொலித்தீனால் மூடி வெயிலில் வேகவிட்டு நோய்க்கிருமிகளைக் கொல்கிறோம். புரட்டாதியில் நடுகை.

2024 நவம்பர்

பிறகு ஃபெஞ்சல் எனப் பெயர் பெற்ற தாழமுக்கம் 2024 நவம்பர் கடைசி வாரத்தில் கிழக்குக் கரையோரமாக வடக்கே நகர்ந்தது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை வந்தவுடன் திரைகளை இறக்கி, நிழல் வலையைக் கழற்றி, கதவுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் போட்டோம். ஒவ்வொரு காலிலும் குழாயும் கொங்கிறீற்றும் சேருமிடத்தில் சிவப்பு மையால் கோடு கீறிவைத்தேன். கால் அசைந்தால் கோடு பிளவுபடும்.

இந்த முறை தாழமுக்கம் எங்களுக்குக் கிழக்கால் போனது. காற்று வடகிழக்கிலிருந்து வடக்காகி, பிறகு வடமேற்காகத் திரும்பியது. நான் பாதுகாப்பு என்று நம்பிய மேற்குக் கதவுக்கு நேரே வந்தது. 2020 இல் கற்றது பாதிதான் என்று அன்றிரவு விளங்கியது. புயல் எந்தப் பக்கத்தால் கடக்கிறது என்பதைப் பொறுத்துக் காற்று எந்தப் பக்கமும் திரும்பலாம். கதவுக்குப் பாதுகாப்பான திசை என்று ஒன்று இல்லை. நாங்கள் தப்பியது குறுக்கே போட்ட அந்தக் குழாயால். நான் கையில் கத்தியோடுதான் விழித்திருந்தேன். கதவு உடைந்தால் கூரைப் பொலித்தீனை வளைவு வளைவாக வெட்டிவிடுவது என்று முன்பே பேசி முடித்திருந்தோம். பொலித்தீன் போனால் ஒரு பருவக் காசோடு போகும், சட்டகம் போனால் எல்லாம் போகும்.

வெட்டவேண்டி வரவில்லை. விடிந்து பார்த்தபோது பதினெட்டுச் சிவப்புக் கோடுகளும் கீறியபடியே இருந்தன. பட்டிக் கயிறு இரண்டு தளர்ந்திருந்தது. வடக்குத் திரையின் அடிக்குழாய் அடிபட்டு வலையை நான்கு அடி கிழித்திருந்தது.

இழப்பு கீழேயிருந்து வந்தது. சுற்றிவர வெட்டிய வாய்க்கால் நிரம்பி, கிணற்று நீர்மட்டமும் உயர்ந்து, உள்ளே நான்கு அங்குலம் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. இரண்டு பாத்தித் தக்காளி வேர் அழுகிச் செத்தது. கூரையைப் பற்றியும் காலைப் பற்றியும் இவ்வளவு யோசித்த நான் பாத்தியின் உயரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதில் எனக்கு இன்னும் மனவருத்தம் உண்டு. அந்தச் செடிகள் அக்கா நாற்றுப் போட்டு வளர்த்தவை.

அதன்பின் பாத்திகளை ஓர் அடி உயர்த்தினோம். கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தாங்கிக்கு எடுக்கிறோம். வருடத்துக்கு 70,000 லீற்றருக்கு மேல் அந்தக் கூரையில் விழுகிறது. தாங்கி கொள்வது அதில் கொஞ்சம்தான். ஆனாலும் சுண்ணாம்பு படிந்து சொட்டுக்குழாய்களை அடைக்கும் கிணற்று நீருக்கு அது எவ்வளவோ மேல். கதவு இப்போது இரட்டைக் கதவு, இரு முனையிலும் உண்டு, வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாகக் குறுக்குக் குழாய்.

110, 120 கிலோமீற்றர்வரை இந்தக் கால்கள் தாங்கும் என்பது என் கணக்கு. 1978 இல் மட்டக்களப்பை அடித்தது போன்ற ஒன்று வந்தால் தாங்காது. அப்படி ஒன்று வருகிறது என்று தெரிந்தால் முதல்நாளே பொலித்தீனைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுவோம். ஸ்பிரிங் கம்பியை இழுத்துக் கழற்ற எங்கள் இருவருக்கும் மூன்று மணித்தியாலம் போதும். போன ஆவணியில் நேரம் பார்த்துக் கழற்றி மறுபடி பூட்டினோம்.